கருகாத சந்தனம்

எங்கள் அலுவலகத்தில் இப்போது தீ விபத்து அறிக்கையைக் கணினியிலேயே நிரப்புகிறார்களாம். ‘காரணம்’ என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்குகிறது. அதில் முதல் வரி ‘மின்கசிவு’. அதைத் தொட்டால் வேலை முடிந்தது. எனக்குப் பிறகு என் நாற்காலிக்கு வந்த நித்யா இதைக் காட்டிவிட்டு, “எவ்வளவு ஈஸியாயிருச்சு பாருங்க மேடம்” என்றாள். உண்மைதான். நாங்கள் மூன்று நாள் சாம்பலில் குந்தியிருந்தும் கண்டுபிடிக்காததை இவர்கள் மூன்று நொடியில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை வாங்கி அலுவலக மலர் போடுகிறார்கள் என்று அவள்தான் என்னை எழுதச் சொன்னாள். “ஜூனியர்ஸுக்குப் பயன்படற மாதிரி, ஏதாவது ஒரு கேஸ்” என்றாள். எனக்கு ஒரு கேஸ்தான் நினைவில் நிற்கிறது. அது யாருக்குப் பயன்படும் என்று தெரியவில்லை.

வெளியில் கேட்பவர்களுக்கு எங்கள் வேலையை விளக்குவது எப்போதுமே சிரமம். தீயை அணைப்பவர்கள் வேறு. நட்டத்தை மதிப்பிடுகிறவர்கள் வேறு. இருவரும் போன பிறகு, ஈரச் சாம்பல் மட்டும் கிடக்கும் நேரத்தில், ஏன் பற்றியது என்று கேட்கப் போகிறவர்கள் நாங்கள். ஒரு மில்லில் ஏன் பற்றியது என்று தெரிந்தால் அதே மாதிரி ஓடும் மற்ற மில்களுக்கு எழுதிப் போடலாம். அங்கே பற்றாமல் இருக்கும். பற்றாத தீயை யாரும் பார்ப்பதில்லை என்பதால் இந்த வேலையில் மாலை மரியாதை கிடையாது.

வேதிப் பொறியியல் படித்தேன். பம்பாயில் ஒரு வருடம் பயிற்சி. சுத்தமான ஆய்வுக்கூடத்தில் சுத்தமான பஞ்சை அளந்து கொளுத்திக் காட்டினார்கள். அந்த வருடத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்போது, கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தேன். காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. கீழே டவுன் பஸ் ஹாரன், மேலே நாங்கள் ஆறு பேர். எங்கள் மேலதிகாரி ஹமீது சார்.

ஹமீது சார் கோட்டைமேட்டுக்காரர். அவருடைய அப்பா பஞ்சடித்து மெத்தை தைத்தவர். சார் எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை போடுவார். எரிந்த கட்டடத்துக்கும் அதே சட்டையில்தான் வருவார், திரும்பும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய் கரிமூட்டை மாதிரி வெளியே வருவேன். என்னை ‘இன்ஜினியரம்மா’ என்று கூப்பிடுவார். அதில் எத்தனை சதவீதம் மரியாதை, எத்தனை சதவீதம் கிண்டல் என்று கடைசிவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தீப்பிடித்த இடத்துக்குப் போனதும் அவர் கேட்பது ஒரு நாற்காலி. அதை எரிந்த இடத்துக்கு எதிரே, தள்ளிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம், ஒன்றும் செய்யமாட்டார். ஆபீசர் களைத்துவிட்டார் என்று நினைத்து யாராவது இளநீர் கொண்டுவருவார்கள். அதையும் குடிப்பார். அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியவை எல்லாம் வரிசையாக உண்டு. எரிந்த இடத்துக்கு நேரே போகக்கூடாது. எரியாத பக்கத்திலிருந்து தொடங்கி, லேசாகக் கருகியது, நன்றாகக் கருகியது என்று படிப்படியாக உள்ளே போக வேண்டும். சுவரில் புகை படிந்த கோடு எங்கே தாழ்ந்திருக்கிறது என்று சாக்பீஸால் குறிக்க வேண்டும். சாம்பல் மாதிரியை பாலிதீன் பையில் போடக்கூடாது, எண்ணெய் வாசம் ஏதாவது இருந்தால் கசிந்து போய்விடும். மூடி இறுகுகிற தகர டப்பாவில்தான் எடுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் சார் எழுந்து வந்து ஆட்களிடம் பேசுவார். “என்ன பாத்தீங்க?” என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“வாசம் எப்பங்க வந்துச்சு?”

அதுதான் அவருடைய முதல் கேள்வி. பார்த்ததைப் பற்றி எல்லோரும் அதற்குள் கூடிப் பேசி ஒரே கதையாக்கி வைத்திருப்பார்கள். வாசத்தைப் பற்றி யாரும் கலந்து பேசியிருக்கமாட்டார்கள். அதனால் ஒவ்வொருவரும் உண்மையான நேரத்தைச் சொல்வார்கள்.

அறிக்கை எழுதுவதற்கு அவரிடம் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று மின்கசிவைப் பற்றியது. “எந்த ஒயர், எந்த முனை, உருகுன செம்புக் குமிழி எங்கே? மூணுக்கும் பதில் இருந்தா எழுதுங்க. இல்லாம கரண்ட் மேல பழி போடாதீங்க. அது பாவம், வந்து மறுப்புச் சொல்லாது.” இரண்டாவது: “ஆளை எழுதாதீங்க, பழக்கத்த எழுதுங்க. ஆளை எழுதுனா ஆளை ஊட்டுக்கு அனுப்பிச்சுருவாங்க. பழக்கம் அங்கயேதான் இருக்கும். அடுத்த தீக்கு நாமதான் மறுபடியும் பஸ் ஏறோணும்.”

ஆனைமலைப் பக்கம் ஒரு கொப்பரைக் கிடங்கு எரிந்தபோதுதான் இந்த விதிகள் எனக்குப் பிடிபட்டன. உரிமையாளர் தென்னந்தோப்புக்காரர். யாரோ வேண்டாதவன் வைத்துவிட்டான் என்பது அவர் முடிவு. யார் என்றும் சொன்னார், அவன் எந்த வீதி என்றும் சொன்னார். சார் மறுத்துப் பேசவில்லை. பக்கத்தில் எரியாமல் நின்ற இரண்டாவது கிடங்கைத் திறக்கச் சொல்லி, கொப்பரைக் குவியலுக்குள் ஒரு இரும்புக் கம்பியை ஆழமாகச் செருகிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அரை மணி கழித்துக் கம்பியை உருவச் சொன்னார்.

“முனையப் புடிச்சுப் பாருங்க.”

தோப்புக்காரர் பிடித்தார். உடனே கீழே போட்டுவிட்டுக் கையை உதறினார்.

“உங்க வேண்டாதவன் இங்கயும் வெச்சுட்டுத்தான் போயிருக்கான் போல” என்றார் சார்.

கொப்பரையைச் சரியாகக் காயவைக்காமல் குவித்தால் உள்ளுக்குள் தானாகவே சூடேறும். அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கிடங்கைக் காலி செய்து களத்தில் பரப்பினார்கள். பற்றாமல் போன ஒரு தீயை நான் என் கண்ணால் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இனி நித்யா கேட்ட கேஸ்.

சிங்காநல்லூரைத் தாண்டி ஒரு நூற்பு மில். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அதன் புளோரூமில் தீப்பிடித்தது. அழுத்திக் கட்டிய பேல்களாக வரும் பஞ்சைப் பிரித்து, ஆணி பதித்த உருளைகளில் அடித்துத் தூசி நீக்குகிற இடம் அது. பஞ்சு தகரக் குழாய்கள் வழியாகக் காற்றில் பறந்து அடுத்த இயந்திரத்துக்குப் போகும். ஒரு பொறி விழுந்தால் பஞ்சோடு சேர்ந்து அதுவும் பறக்கும். இரண்டு இயந்திரங்களும் தூசி அறையும் போயின. நல்லவேளையாக ஆட்கள் யாருக்கும் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் காந்திபுரத்தில் பஸ் பிடித்துப் போனோம். மேனேஜர் டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார்.

“காரணத்த நாங்களே கண்டுபுடிச்சுட்டோமுங்க சார். உங்களுக்கு வேல மிச்சம்” என்று மேஜைமேல் ஒரு பீடிக்கட்டை வைத்தார். “மாரப்பன்னு, பேல் பிரிக்கறவன். சோத்துப் பையில இருந்துச்சு. சஸ்பெண்ட் பண்ணியாச்சு. உங்க ரிப்போர்ட் வந்தா டிஸ்மிஸ் ஆர்டர் அடிச்சுருவோம்.”

சார் கட்டைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணுகூடப் பத்த வெக்கலீங்களே.”

“இது மிச்சங்க சார்.”

“ஓ. எரிஞ்ச பீடி தீயில போயிருச்சு, எரியாத பீடி சாட்சி சொல்ல வந்திருக்குது.”

மேனேஜர் சிரிக்கவில்லை.

மாரப்பன் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றிருந்தார். மூன்று நாளாகக் காலையில் வந்து சாயங்காலம்வரை அங்கேயே நிற்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னான். வயது ஐம்பதை ஒட்டி. நான் போய்ப் பேசினேன்.

“பீடி குடிப்பேனுங்க அம்மணி, இல்லீங்கல. இந்த மரத்தடில குடிப்பேன். உள்ள போகையில வாட்ச்மேன் இடுப்பத் தடவித் தீப்பெட்டிய வாங்கி வெச்சுட்டுத்தான் உடுவான். வெறும் பீடிய வெச்சு என்னங்க பண்றது?”

“வாசம் எப்பங்க வந்துச்சு?”

“எட்டு மணிச் சங்கு ஊதுச்சுங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னால.” பிறகு நான் கேட்காததையும் சொன்னார். “பொண்ணுக்குத் தையில கண்ணாலம் வெச்சிருக்குது. பஞ்சுக்குத் தீ வெச்சவன்னு பேராயிருச்சுங்க. சம்பந்தி ஊட்டுல இருந்து ஆள் வந்து விசாரிச்சுட்டுப் போறாங்க. வேல போனாக்கூட தோட்டத்து வேலைக்குப் போயிக்குவேன். பேரு போனா நான் எங்கீங்க போவேன்?”

நான் உள்ளே போய் என் வரிசையைத் தொடங்கினேன். குழாய் ஓரிடத்தில் வளைகிறது. அங்கே ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் உள்ளே மூன்று காந்தப் பட்டைகள் இருக்க வேண்டும். பேல் கட்டி வரும் இரும்புப் பட்டையை வெட்டும்போது துண்டு ஏதாவது பஞ்சோடு கலந்துவிட்டால், உருளையில் மோதிப் பொறி பறக்கும். அதற்கு முன்னால் பிடித்து நிறுத்தத்தான் காந்தம். புளோரூம் மேஸ்திரி வேலுச்சாமி கதவைத் திறந்தார். குழாயின் உட்பக்கம் முழுக்கக் கருப்பு. காந்தங்கள் மூன்றும் இடத்தில் இருந்தன. ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் அவற்றில் பளிச்சென்று இருந்தன. அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். ‘காந்தங்கள்: உள்ளன, சரி’ என்று நோட்டில் எழுதி டிக் போட்டேன். பம்பாயில் படித்தவள் நான்.

வெளியே வந்து சாரிடம் ஒவ்வொன்றாகப் படித்தேன். காந்தம் வந்ததும் கையைத் தூக்கினார்.

“சந்தனம் என்ன நிறமுங்க?”

“சந்தன நிறந்தான் சார்.”

அவர் மறுபடி புளோரூம் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொன்னது என் காதிலேயே விழ எனக்குச் சில நொடிகள் பிடித்தன. குழாய்க்குள் தீ ஓடியிருக்கிறது. தகரம் கருத்திருக்கிறது. நடுவில் இருந்த சந்தனம் மட்டும் எப்படிக் கருகாமல் இருக்கும்?

மறுபடி உள்ளே ஓடினேன். மேஸ்திரி எதையும் மறைக்கவில்லை.

“கழட்டிக் கழுவிப் பொட்டு வெச்சு, ஸ்பேனர் கத்தியோட சாமி முன்னால வெச்சோமுங்க. வருசா வருசம் செய்யறதுதானுங்க அம்மணி. மறுபூஜை ஆகாம எடுக்கக்கூடாது. பத்தரைக்கு மேலதான் நல்ல நேரம். எப்பவும் அதுக்கப்பறந்தான் மில்லு ஓட்டுவோம். இந்த வருசம் எக்ஸ்போர்ட் ஆர்டர்னு ஆறு மணிக்கே ஓட்டச் சொல்லிப்போட்டாங்க. நாலு மணி நேரந்தானேன்னு…”

“தீ அணைஞ்சதுக்கப்பறம் எதுக்குங்க மாட்டினீங்க?”

“எடம் காலியாக் கெடந்தா மேனேஜர் சத்தம் போடுவாருன்னு மாட்டிப்போட்டனுங்க.”

உருளைக்குக் கீழே சாம்பலை பிரஷ்ஷால் ஒதுக்கியபோது விரல் நீளத்தில் ஒரு இரும்புப் பட்டைத் துண்டு கிடைத்தது. அதன் முனை நீலம் பாய்ந்து மடங்கியிருந்தது. தகர டப்பாவில் போட்டு மூடினேன்.

கிளம்பும்போது மேனேஜர் என்னை மட்டும் வராந்தாவில் நிறுத்தினார். “மேடம், நீங்க நம்மூருப் பொண்ணு. சாமி கும்புட்டதால தீப்புடிச்சுதுன்னு எழுதப் போறீங்களா? கீழ கையெழுத்துப் போடறவரு பேரப் படிச்சா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஊரு பேசும்.”

அந்த வருடங்களில் ஊர் அப்படித்தான் இருந்தது. பெயரைப் படித்துவிட்டு மற்றதைப் படிக்காமல் விடுகிற பழக்கம் வந்திருந்தது. எங்கள் அறிக்கைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், எழுதியவருடையதும் மேலதிகாரியுடையதும். இரண்டு நாள் யோசித்து, ‘தீக்கான காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை’ என்று டைப் அடித்துச் சாரின் மேஜையில் வைத்தேன். இயலவில்லை என்று எழுதுவது பொய்யாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவர்களுக்கு இந்த வசதி உண்டு.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“இது யாருக்காகங்க?”

மேனேஜர் சொன்னதைச் சொன்னேன்.

“எனக்காகவா? எனக்காக மாரப்பன் வேலைய உடோணுமா?” அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். கீழே ஜவுளிக்கடையில்கூடக் கேட்டிருக்கும். “ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமுங்களே இன்ஜினியரம்மா. நான் அவ்வளவு பெரிய ஆளுன்னு எனக்கே தெரியாமப் போச்சு.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே அமைதியானார். அப்பாவின் பட்டறையைப் பற்றிச் சொன்னார். பஞ்சடிக்கிற வில் ஒன்று இருந்ததாம். கூட வேலை பார்த்த ஆறுமுகம் என்பவர் வருடத்தில் ஒருநாள் அந்த வில்லுக்குப் பொட்டு வைத்துப் பொரி படைப்பாராம். பொட்டு வைத்த வில்லை அன்றைக்கெல்லாம் தொடக்கூடாது என்பார். ஆனால் மெத்தைக்குக் கொடுத்த தேதி தள்ளாது. “அத்தா ஒண்ணும் சண்ட போடல. பழசா ஒரு வில்லு கெடந்துச்சு. ‘ஆறுமுகம், இது ஒனக்கு, அது எனக்கு’ன்னுட்டாரு. அவ்வளவுதான்.”

பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். “எழுதுங்க.”

நாங்கள் எழுதியது இதுதான்: பராமரிப்புக்கோ வேறு எதற்கோ காந்தங்கள் கழற்றப்பட்டிருக்கும்போது இயந்திரத்தை ஓட்டும் பழக்கம் தீக்குக் காரணம். விழா நாட்களில் வழிபாட்டில் வைப்பதற்கென்றே தனியாக ஒரு செட் காந்தம் வாங்கி வைக்க வேண்டும். வேலைக்கான செட்டைக் கழற்றினால் இயந்திரத்துக்கு மின்சாரம் போகாதபடி கதவில் ஒரு சுவிட்ச் அமைக்க வேண்டும். மேனேஜர் பெயர் இல்லை. மேஸ்திரி பெயர் இல்லை. பீடியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கீழே இரண்டு கையெழுத்து.

நாங்கள் பயந்தபடி ஊர் ஒன்றும் பேசவில்லை. எங்கள் அறிக்கைகளை ஊர் படிக்கும் என்று நினைத்தது எங்கள் ஆணவம். முதலாளி படித்துவிட்டு மறுவாரமே இன்னொரு செட் காந்தம் வாங்கச் சொன்னாராம். மற்ற மில்களுக்கும் சுற்றறிக்கை போனது. டிஸ்மிஸ் ஆர்டர் அடிக்கப்படவில்லை. மாரப்பனைக் கழிவுப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

மார்கழியில் ஒருநாள் மாரப்பன் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக் காபிக்குச் சொன்னேன்.

“ரிப்போர்ட்டுல என் பேரு இருக்குதுங்களா அம்மணி?”

“இல்லீங்க. யார் பேரும் கிடையாது” என்றேன், பெருமையாக.

“அதானுங்க. மாரப்பன் தீ வெக்கலன்னு ஒரு வரி இருந்தாப் போதும். கொண்டு போயி சம்பந்தி ஊட்டுல காட்டிப்போடுவேன்.”

நான் ஹமீது சாரைப் பார்த்தேன். அறிக்கை போய்விட்டது, அதில் சேர்க்க வழியில்லை என்று அவர் விளக்கினார். “நான் வேணா நேர்ல வந்து அவிங்ககிட்டச் சொல்றேனுங்க” என்றார்.

மாரப்பன் அவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “வேண்டாமுங்க சார். நீங்க பெரியவரு” என்று சொல்லிவிட்டுக் காபி வருவதற்குள் இறங்கிப் போய்விட்டார். மரியாதையால் சொன்னாரா, சம்பந்தி வீட்டில் சாரின் பெயர் என்னவாகும் என்று நினைத்தாரா, தெரியாது. சாரும் நானும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அலுவலகத் தாள் என் மேஜையில்தான் இருந்தது. முத்திரை இழுப்பறையில் இருந்தது. ஒரு வரி எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்காது. விதியில் இடமில்லை, நான் விதிகளை நன்றாக அறிந்தவள். அந்தத் தையில் அந்தக் கல்யாணம் நடந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரணைதான் என் தொழில்.

அடுத்த சில வருடங்களில் சார் ஓய்வு பெற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வேன். நான் எழுதும் அறிக்கைகளை வாசித்துக் காட்டச் சொல்லுவார், பாதியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார், அதோடு அந்த அறிக்கை கிழிந்துவிடும். பெரிய பதவிகளுக்குப் போனேன். ஏசி அறை, கார், மற்றவர்கள் கொண்டுவரும் டப்பாக்கள். ஈரப் பஞ்சு எரிந்த வாசம் தலைமுடியில் மூன்று நாள் நிற்கும், எத்தனை சீயக்காய் தேய்த்தாலும் போகாது. அப்போது அதற்காக எரிச்சல்பட்டிருக்கிறேன். இப்போது எந்தக் கடையிலாவது அந்த வாசம் விற்றால் வாங்குவேன். சார் இறந்து நாலைந்து வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கை இன்னும் போன் பக்கம் போகிறது.

போன ஆயுத பூஜைக்கு நித்யா என்னை அதே மில்லுக்கு அழைத்துப் போனாள். இயந்திரங்கள் புதிது, ஆட்களும் புதிது. புளோரூமில் சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர்கள், கத்திகள், நடுவில் மூன்று பழைய காந்தப் பட்டைகள், சந்தனம் குங்குமத்தோடு. குனிந்து தொடப் போனேன்.

“மேடம், தொடாதீங்க, அது மாரப்பனுங்க” என்றார் ஒரு ஃபிட்டர்.

“என்னங்க?”

“மாரப்பன் செட்டுங்க. பூஜைக்கு மட்டுந்தான் எடுப்போம். வேல செட்டு உள்ள மாட்டுனபடியே இருக்குது.”

“மாரப்பன்னா யாருங்க?”

“தெரியலீங்க மேடம். நான் வேலைக்குச் சேந்தப்பவே அதுக்கு அதான் பேரு. ஏதாச்சும் சாமி பேரா இருக்குமுங்க.”

நித்யா குழாய்க் கதவைத் திறந்து பார்த்தாள். வேலை செட் இடத்தில் இருந்தது. அதில் இரும்புத் துணுக்குகள் முள்ளம்பன்றி மாதிரி நட்டுக்கொண்டு நின்றன. அத்தனையும் பறக்காமல் போன பொறிகள்.

ஹமீது சார் இருந்திருந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு நாற்காலி கேட்டேன். மேடம் களைத்துவிட்டார் என்று இளநீரும் கொண்டுவந்தார்கள். மாரப்பனுக்கு எதிரே தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன். கற்பூரம் காட்டி, எல்லோருக்கும் பொரி கொடுத்து முடிக்கும்வரை எழவில்லை.

விதிப்படி ஆளை எழுதக்கூடாது. என் வேலைக்காலத்தில் நான் அதை மீறியதில்லை. இந்த மலர் அறிக்கை அல்ல என்பதால் எழுதுகிறேன்: சிங்காநல்லூரைத் தாண்டிய அந்த மில்லில், அந்த ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை பற்றிய தீயை மாரப்பன் வைக்கவில்லை.

இதன் கீழே இரண்டு கையெழுத்து இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது.